ஓய்வுநாள் யாருக்கு?

மார்ச் 6

அன்புள்ள அப்பா,

நலமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? என் கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தேன் என்று நீங்கள் வரவில்லை. அந்தக் கோபத்தில் நானும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதுவதும் சமாதானத்துக்கு இல்லை, ஒரு சந்தேகத்துக்கு. வாரத்தில் ஒருநாள் வேலை செய்யாதே என்கிற ஓய்வுநாள் கட்டளையைப் பற்றி உங்களை விட்டால் யாரிடம் கேட்பேன்?

நான் வேலை பார்க்கும் சலவை ஆலைக்கு ஹோட்டல் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வருகின்றன. இஸ்திரிப் பகுதிக்கு நான்தான் மேற்பார்வை. புது ஹோட்டல் ஒன்று சேர்ந்ததிலிருந்து எங்கள் யாருக்கும் விடுமுறையே கிடையாது. போன வாரம், பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் நின்றபடியே கண்ணயர்ந்து, இஸ்திரி இயந்திரத்தின் சூடான உருளையில் கையைக் கொடுத்துவிட்டாள். முழங்கை வரை வெந்துவிட்டது. அலறக்கூட அவளுக்குத் தெம்பில்லை அப்பா.

முதலாளி எங்கள் திருச்சபையின் மூப்பர். வாரம் ஒருநாள் லீவு கேட்டேன். "அதெல்லாம் பழைய ஏற்பாட்டுச் சட்டம்மா. நாம இப்ப கிருபையில இருக்கோம். எல்லா நாளும் கர்த்தரோட நாள்தான்" என்று சிரித்தார். உங்களோடு சண்டை போட்டபோது நான் சொன்னதும் இதேதானே!

உங்கள் மகள்

மார்ச் 11

பிரியமான மகளுக்கு,

கர்த்தரின் சமாதானம் உன் வீட்டில் தங்குக. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பூட்டுக்கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். சாவியைத் தொலைத்த ஒருவர் வாசலில் நின்றார். நிற்கட்டும்.

உன் முதலாளி சொன்னதில் பாதி சரி. சட்டத்தைக் கைக்கொண்டு எவனும் பரலோகம் போவதில்லை. பலியும் தீட்டும் நமக்கில்லை. ஆனால் கிருபை நமக்குக் கிடைத்த மன்னிப்பு. அடுத்தவரைப் பிழிய அது உத்தரவு ஆகாது. வேதத்தை எடுத்து, உபாகமப் புத்தகத்தில் அந்தக் கட்டளையை நிதானமாகப் படி. வேலைக்காரியும், அந்நியனும், மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும் என்கிறது. நீயும் அடிமையாய் இருந்தவன்தானே என்று காரணமும் சொல்கிறது. வேலை வாங்குகிறவனைப் பார்த்துச் சொன்னது அது. இயேசு ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணமாக்கினார். யாரையும் நோயாளி ஆக்கவில்லை.

பயப்படாமல் கேள். வெந்த கைக்கு மருந்து போட்டார்களா என்று எழுது. அம்மா கேட்கிறாள்.

அப்பா

ஏப்ரல் 2

என் அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்!

நீங்கள் எழுதியதை முதலாளியிடம் அப்படியே சொன்னேன். "எனக்கே வேதம் சொல்லித் தர்றியா?" என்றார். "இல்லீங்க ஐயா, லீவு கேக்கறேன்" என்றேன். "முடியாது. போய் வேலையப் பாரு" என்றார்.

திரும்பி வந்து என் இயந்திரத்தை நிறுத்தினேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வேன் என்றுகூட யோசித்தேன். அதற்குள் பக்கத்து இயந்திரம் நின்றது. பிறகு அடுத்தது. அந்த ஆலையின் அமைதியை நான் அதுவரை கேட்டதே இல்லை. கட்டுப்போட்ட கையோடு அந்தப் பெண்ணும் வாசலுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி தன் பிள்ளைகளை வைத்து ஓட்டிப் பார்த்தார். விரிப்பெல்லாம் அப்பளம்போல் கருகிச் சுருண்டு வந்தது. ஹோட்டல்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தவர், என் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார். "உள்ள எப்படிம்மா நிக்கறீங்க?" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வாரத்துல ஒருநாள். எல்லாருக்கும். சம்பளத்தோட" என்றார். நாங்கள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது! மருத்துவச் செலவும் அவருடையதுதான்.

வரும் ஞாயிறு எங்கள் முதல் ஓய்வுநாள். நீங்களும் அம்மாவும் வர வேண்டும். ஓய்வுநாளில் நீங்கள் பயணம் செய்யமாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் கூப்பிடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கட்டளையில் கழுதைகூட இருக்கிறது, மனைவி மட்டும் ஏன் இல்லை?

உங்கள் செல்ல வாயாடி

ஏப்ரல் 4

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கடைத்தெரு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டேன். பூட்டு வாங்க வந்தவர்கூடத் தப்பவில்லை.

உன் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். "வீட்டுல எல்லாரும் ஓஞ்சா அவளும் ஓஞ்சிடுவான்னு கடவுள் நம்பியிருப்பார். பாவம், உங்களப் பத்தி அவருக்குத் தெரியாது" என்றாள். அப்போதே கரண்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். குழம்பு தீய்ந்தது. அவள் கால் நீட்டி உட்கார்ந்து, ரசித்துச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை ரயிலில் இடமில்லை. ஞாயிறு விடியற்காலை வண்டியில் வருகிறோம். "நீங்களா, ஓய்வுநாள்ல பயணமா?" என்று போதகர் ஆச்சரியப்பட்டார். "எம் பொண்ணு ஓய்வெடுக்கறதப் பாக்கப் போறேன் ஐயா. இதவிடப் பெரிய ஆராதனை எனக்கு வேற எது?" என்றேன்.

ஸ்டேஷனுக்கு வராதே. தூங்கு. விசாரித்து வந்துவிடுவோம். கதவைத் தட்டமாட்டோம். நீயாக எழுந்து திறக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம்.

அப்பா