காணாமல் போன கட்டு

ஞாயிறு, இரவு.

ஆம்பூரில் மதியக் காட்சி பார்த்தோம். லஞ்சம் வாங்கி வழக்குக் கட்டை ஒளித்துவைத்த கோர்ட் கிளார்க்கின் கையை ஹீரோ வெட்டினான். தியேட்டரே விசில் அடித்தது. மனைவி கைதட்டினாள். நானும் தட்டினேன். நானும் கோர்ட் கிளார்க்தான்.

இடைவேளையில் ஒருவர் இடது கையால் வணக்கம் வைத்தார். தோல் பதனிடும் டேனரி மிஷினில் வலது கையைப் பறிகொடுத்து, நஷ்டஈட்டுக்கு வழக்குப் போட்டவர்.

"சார், என் கட்டு கெடச்சிதா?"

"தேடிக்கினே இருக்கோம்."

"படத்துல வர்ற ஆள் மாதிரியா நீங்க? மெதுவா தேடுங்க சார்."

சொல்லிவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

கட்டு தொலையவே இல்லை. டேனரி முதலாளியின் ஆள் பணக் கவரைக் கொடுத்த அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தக் கட்டின்மேல் நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.