தொரைக்குக் கொடுத்த தண்ணீர்

நிவித்திகல,
1932 மார்ச்

அன்பு மகள் நூரியாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாம் சுகம், என் முழங்காலைத் தவிர. கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க நானும் உம்மாவும் துஆச் செய்கிறோம்.

உங்கள் ஊருக்குத் தண்ணீர் போதவில்லையாம் மகள். அதற்காக நம் ஓடையை மலையிலேயே மறித்துக் குழாய் வழியாகக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். ஓடை போனால் அப்புஹாமியின் வயல் காயும், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பீலியிலும் தண்ணீர் விழாது, பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவி வுழூச் செய்யவும் தண்ணீர் இராது. ஆகையால் சிங்களவர், தோட்டத்து ஆட்கள், நம்மவர் எல்லாரும் சேர்ந்து நம் கடைக்கு முன்னால் பாதையை மறித்து உட்கார்ந்தோம். இஞ்சினியர் தொரை வந்தால் பேசுவதற்கு என்னை வைத்தார்கள், நான் இங்கிலீஷ் படித்தவன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்ததன் பலன். இது கலங்கல் தண்ணி, வெயிலுக்கு வத்திப்போகும்னு மட்டும் சொல்லுங்க நானா, வேற ஒண்ணும் பேசிறாதீங்க என்று ஏழுமலைக் கங்காணி படித்துப் படித்துச் சொன்னார்.

தொரை வெயிலில் நடந்து முகம் சிவந்து வந்தார். வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கேட்டவருக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்ல நம் வீட்டில் யாருக்கு வாய் வரும்? கூஜாவிலிருந்து ஓடைத் தண்ணீரை நிறைய ஊற்றி, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வைத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டார், அருமை அருமை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சப்ரகமுவ முழுக்கத் தேடினாலும் இப்படித் தண்ணீர் கிடைக்காது சேர், எந்த வெயிலுக்கும் வற்றாது என்று என் இங்கிலீஷ் முழுவதையும் அங்கேயே செலவழித்துவிட்டேன். தொரை என் கையைக் குலுக்கிவிட்டு, கூட வந்த கிளாக்கரை நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இங்கிலீஷ் தெரியாத அப்புஹாமிக்கும் விஷயம் விளங்கிவிட்டது. இனிக் குழாயையும் நீங்களே தோளில தூக்கிட்டுப் போய்க் குடுங்க முதலாளி என்றார். உன் உம்மா மட்டும், பிஸ்கட் வைக்க மறந்துட்டீங்களே என்று வருத்தப்பட்டாள். அவள் கேலிக்கு என்றைக்கும் விடுமுறை இல்லை.

நேற்று இரும்புக் குழாய் ஏற்றிய வண்டிகள் வந்தன. லயத்துப் பெண்கள் மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொலிஸ்காரர் பெயர் எழுத வந்தபோது முதல் பெயராக என்னுடையதைக் கொடுத்தேன், நீ பயப்படாதே. வரும் வாரம் இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரியில் விசாரணை. அங்கேயும் நான்தான் பேச வேண்டுமாம், தொரைக்கு என்னைத்தானே பிடித்திருக்கிறது. நல்ல தண்ணீர்தான் சேர், அதனால்தான் விடமாட்டோம் என்று சொல்லப் போகிறேன். கங்காணி யோசித்துவிட்டு, சரி நானா, ஆனா அங்க யாரு தண்ணி கேட்டாலும் நீங்க எழும்பாதீங்க என்றார்.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, அல்லாஹ் உங்களுக்கு எல்லா பரக்கத்தும் தருவானாக. ஒன்றை மறவாதே மகள். நாங்கள் தோற்றுப்போய், ஒரு நாள் உன் வீட்டுக் குழாய்த் தண்ணீர் திடீரென்று இனித்தால், அது நம் ஓடை. திறந்துவிட்டு அடுத்த வீட்டாரோடு பேசிக்கொண்டு நிற்காதே. அது அப்புஹாமியின் வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீராசாஹிப்