நோட்டில் ஏறாத விராலடிப்பான்

அன்பு மாப்பிள்ளை தங்கராஜுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேற்றுக் காலை சங்கரன்கோவிலில் இருந்து நான் மட்டும் பைக்கில் நம் அணைக்குப் பறவை பார்க்கப் போனேன். கரை தொட்டுத் தண்ணீர் நிற்கிறது. வனத்துறைச் செக்போஸ்டில் வாட்சர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். நீ இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்து, "சத்தம் கேட்டே இது இன்ன குருவின்னு சொல்லிருவாவளே சார்!" என்று உன்னைப் பற்றியே பேசினார். போன பிறகும் உனக்குத்தான் மரியாதை. இத்தனை வருஷம் நானும்தானே கூட வந்தேன்?

பொறாமைதான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பைனாகுலர் வாங்கியவன் நான். வெறுங்கண்ணால் முதலில் பார்ப்பவன் நீ.

இரண்டு பேரும் பார்த்தால்தான் பறவையின் பெயர் நோட்டில் ஏறும் என்று விதி வைத்திருந்தோம். ஒரு நாள் நான் பைக் பக்கம் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ மூச்சிரைக்க ஓடி வந்தாய்.

"மச்சான், விராலடிப்பான் வே! தண்ணிக்குள்ள விழுந்து மீனத் தூக்கிட்டுப் போவுது!"

"செம்பருந்தா இருக்கும்" என்றேன், எழுந்து வந்து பார்க்கவும் இல்லை. நீ நோட்டில் எழுதிய பெயரின் மேல் கோடும் போட்டேன். விதி ஒரு சாக்குதான். நான் பார்க்காததை நீ பார்த்துவிட்டாயே என்ற எரிச்சல்.

நீ சண்டை போடவில்லை. என் தங்கச்சி எஸ்தர் இப்போதுதான் சொல்கிறாள்: "அன்னைக்கு அவுக சோறே திங்கலண்ணே. 'உங்க அண்ணன் என்னப் பொய்யன்னு நெனச்சிட்டாரே'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ." இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நேற்று, தண்ணீருக்குள் நிற்கும் அந்தப் பட்ட மரத்தில் அது இருந்தது. வெள்ளை வயிறு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. காலை நீட்டித் தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. "மாப்ளே, அங்கன பாரு!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

புதுப் பக்கத்தில் எழுதினால் அது என் பறவை ஆகிவிடும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று நாம் விதி வைக்கவில்லையே. வீட்டுக்கு வந்து பழைய பக்கத்தைத் தேடி எடுத்தேன். நான் போட்ட கோட்டுக்கு மேலேயே விராலடிப்பான் என்று எழுதினேன். பார்த்தவர்கள்: தங்கராஜ், செல்லையா.

உன் பெயர்தான் முதலில். எழுதும்போது வயிறு எரிந்தது வே, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த தை மாதம் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் ஒரு பறவையை எனக்கு முன்னால் பார்த்தால், எழுந்து ஓடிப் போய் நானும் பார்ப்பேன். அவள் எழுதியதன் மேல் கோடு போட மாட்டேன்.

எஸ்தரின் அண்ணன்,
உன் மச்சான்,
செல்லையா