மாதா கோயில் சாவி

2019 மார்ச் 26, செவ்வாய்

மூன்று பேர் சாவி கேட்டு மணி அடித்தார்கள். பாதி உரித்த உருளைக்கிழங்கை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். பதினெட்டு வருடமாக ஊர் மாதா கோயிலின் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. எண்ணூறு வருடக் கோயில். அதை ஒட்டி, நான்கு பக்கமும் தூண்கள் சூழ்ந்த முற்றம். ஸ்பெயினில் எங்கள் காஸ்தீல் பகுதி முழுக்கத் தேடினாலும் இப்படி ஒன்று கிடைக்காது.

சாயங்காலம் மேயர் ஓனோரியோ வந்தார். தொப்பி கையில். நல்ல சேதி இல்லை என்று அப்போதே தெரிந்தது.

“பஸ்குவாலா, கோவிச்சுக்காத. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து சாவி நோயேலியாகிட்ட இருக்கட்டும். வழிகாட்டி வேலைக்குன்னே படிச்ச பொண்ணு.”

“நான் படிக்காதவ. அப்படித்தானே?”

மனுஷன் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மார்ச் 29, வெள்ளி

முற்றத்தின் இருட்டு மூலையில், ஒரு தூணின் தலையில், மாவு பிசையும் பெண்ணைச் செதுக்கியிருக்கிறார்கள். வருடத்தில் இந்தச் சில நாட்கள் மட்டும் மாலை வெயில் அவள் முகத்தில் விழும். இன்று ஐந்தரைக்கு விழுந்தது. நோயேலியா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

மார்ச் 30, சனி

ரொட்டிக் கடைக் கதவில் அவள் ஒட்டிய தாள்: ‘ஞாயிறு, சரியாக ஐந்தரைக்கு ஒளி காணலாம்.’

இன்று ராத்திரி, கோடைக்காலத்துக்காக, நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறோம். ஒவ்வொரு மார்ச்சிலும் செய்வதுதான். சூரியனையும் தள்ளிவைக்க முடியுமா? நாளை ஆறரைக்குத்தான் வெயில் அங்கே வரும்.

போய்ச் சொல்லணுமா? சொல்ல மாட்டேன். படிச்சவதானே!

மார்ச் 31, ஞாயிறு

சோரியா நகரத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள். ஐந்தரை – மூலையில் இருட்டு. ஐந்தே முக்கால் – அதே இருட்டு. நோயேலியாவின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. ஒருவன் சிரித்தான்: “இந்தப் பட்டிக்காட்டுக்கு வந்ததுக்கு நல்லா ஒளி காட்டுனாங்கப்பா!”

சுருக்கென்றது. அவளைச் சொன்னால் சொல்லட்டும். என் கோயிலையா சொல்கிறான்?

“யாரும் நகராதீங்க” என்றேன். “நேத்து ராத்திரி நம்ம கடிகாரம்தான் ஓடிப்போச்சு, சூரியன் ஓடல. ஆறரைக்கு வரும். அதுவரைக்கும் என்கூட வாங்க.”

கழுதைமேல் திரும்பி உட்கார்ந்த துறவி, சண்டைச் சேவல்கள், சிற்பி பாதியில் விட்டுப்போன சிங்கம் – ஒரு தூணையும் விடவில்லை. ஆறரைக்கு வெயில் வந்தது. மாவு ஒட்டிய விரல்கள்கூடத் தெரிந்தன. சிரித்தவன் தூணருகே போய் அண்ணாந்து பார்த்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன்தான்.

நோயேலியா கதவைப் பூட்டினாள். “அக்கா, உங்களுக்கு நேத்தே தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணும்.”

சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 1

ஆணி வெறுமையாக இருக்கிறது. இரண்டு தடவை கை அங்கே போயிற்று.

ஏப்ரல் 12, வெள்ளி

கோயில் கதவில் புதுத் தாள். நோயேலியாவின் கையெழுத்து: ‘சாவி பஸ்குவாலா வீட்டில் இருக்கிறது. மணி அடிக்கவும். சுற்றிக் காட்ட இருவரும் வருவோம்.’ கீழே சின்ன எழுத்தில்: ‘நேரத்தை மட்டும் அவரிடமே கேட்கவும்.’

சாவி மறுபடி என் ஆணியில். இன்று நான்கு தடவை மணி அடித்தது. மதியச் சமையல் இன்னும் ஆகவில்லை.