மிஷின் சாவி என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள அண்ணா,

நம் தம்பி சேகரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு உன் நெல் அறுப்பு மிஷினில் அவன் ஏறினான். தூங்காமல் ஓட்ட நீ போட்ட அதே மாத்திரையை அவனும் போட்டான், உன் நெஞ்சை நிறுத்தியது அதுதான் என்று தெரிந்தே. ஆஸ்பத்திரியில் சேர்த்து மாத்திரையை நிறுத்த வைத்தோம். வீட்டுக்கு வந்தும் பழைய சேகர் வந்தபாடில்லை.

கறிக்குழம்போ ரசமோ, எல்லாம் ஒன்றுபோலத் தின்றுவிட்டு எழுந்து போகிறான். அவன் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டாலும் குனிந்து பார்ப்பதில்லை. தன்மேல்தான் வெறுப்பு என்று அவன் பெண்டாட்டி தேவி அழுகிறாள். அம்மாவோ, "மிஷின்ல ஏறுனா தெளிஞ்சிடுவான், சாவியக் குடுடி" என்கிறாள். அறுப்பு முடிந்த மாதங்களில் நீயும் இப்படித்தானே சுவரைப் பார்த்துக் கிடந்தாய்?

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "மூளையில டோபமைன்னு ஒண்ணு விடுற நரம்பு செல்லுங்க இருக்குங்க. ஒண்ணு பிடிக்கறதுக்கும், எழுந்து வேலையப் பாக்கணும்னு தோணறதுக்கும் அது வேணும். விட்டத அந்த செல்லுங்களே திரும்ப உள்ள இழுத்துக்கும். மாத்திரை அத இழுக்க விடாது, இருக்கறதையும் வெளிய தள்ளிடும், மதகப் பூராத் திறந்த மாதிரி. அதே பழக்கமானா விடுற செல்லும் நொந்துடும், வாங்குற செல்லும் மரத்துடும். அப்புறம் எதுவும் உறைக்காது. தேற மாசக்கணக்காகும். அதுவரைக்கும் சாவிய நீங்க வச்சுக்குங்க."

நேற்று, மிஷினுக்கு அறுப்பு வேலை பிடித்துத் தரும் புரோக்கர் வாசலுக்கே வந்துவிட்டார். மன்னார்குடிப் பக்கம் மழையில் பயிர் சாய்ந்து கிடக்கிறதாம், நெல் முளைத்துவிடுமாம். "சேகர அனுப்புங்க, தூக்கத்துக்கு நான் பொறுப்பு" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். சேகர் என் முன்னால் வந்து கையை நீட்டினான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அது அந்தச் சட்டைப்பையைப் பார்த்து வந்த வெளிச்சம்; சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"மிஷின் வராதுங்க" என்றேன்.

"என் சோத்துல மண்ணள்ளிப் போடுற" என்றான் சேகர். அப்பா கூலி கேட்டுக் கொடி பிடித்து அடிவாங்கிய வயலில் நீ சொந்த மிஷினை இறக்கினாயே, அது அறுப்புக் காலத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. உனக்கும் என்மேல் கோபமா, அண்ணா?

இன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் ஒரு வாய் வைத்தான். என் முகத்தைப் பார்க்காமல், "உப்பு இல்ல" என்றான். உண்மைதான், நான் போட மறந்திருந்தேன். உப்பை எடுக்கப் போனவள் அடுப்படியிலேயே நின்று அழுதேன்.

அறுப்பு இன்னும் முடியவில்லை. புரோக்கர் மறுபடி வருவார், இவனும் மறுபடி கை நீட்டுவான். சாவியைத் தரமாட்டேன், அண்ணா. மிஷினிலிருந்து உன்னைத் தூக்கி வந்த வீடு இது. இன்னொருவனைத் தூக்கி வர விடமாட்டேன்.

உன் தங்கச்சி,
சேகருக்கு இப்போதைக்கு ஆகாத அக்கா,
செல்வி