எண் மூன்றின் இராகுகாலம்

2025 ஜூன் 20, வெள்ளி

கலா மச்சாள் ரொறன்ரோவிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தாள். நாலு நிமிடம். மூன்றரை நிமிடம் எங்கள் எல்லாருடைய சுகமும் விசாரித்தாள். கடைசி அரை நிமிடத்தில் வீட்டை விற்கப் போகிறாளாம்.

இவருடைய தங்கை, உதயகலா. இந்த வீடு அவளுடைய சீதனம். எங்களுக்கு இதில் ஒரு கல்லும் சொந்தமில்லை என்பது தெரியாததல்ல. ஆனால் பத்தொன்பது வருடம் குடியிருந்திருக்கிறோம், இரண்டு தரம் ஓடு மாற்றியிருக்கிறோம், கிணறு இறைத்துக் கட்டியிருக்கிறோம். அவள் வாடகை கேட்கவில்லை, நாங்கள் செலவு கேட்கவில்லை.

"இப்ப எல்லாம் ஒன்லைன் ஏலம் மச்சாள். ஆருக்கும் ஓரவஞ்சனை இல்லை. நீங்களும் கேக்கலாம்."

என்ன பெருந்தன்மை! நான் கூட்டுகிற வீட்டை நானும் கேட்கலாமாம்.

இவர் சொன்னது: "அவள் என்ரை தங்கச்சி. எங்களை விட்டுக் குடுக்கமாட்டாள்."

ஜூன் 24, செவ்வாய்

படம் எடுக்க ஆள் வந்தது. பெயர் எமில்ராஜ், யாழ்ப்பாண ரவுணில் வீடு விற்றுக்கொடுக்கிற கந்தோர். கூர்ச் சப்பாத்து. வாசலில் கழற்ற மனம் வரவில்லை, நான் பார்த்துக்கொண்டு நின்றதால் கழற்றினான்.

"அன்ரி, இந்த உரல், இந்த வாளி, இந்த ஐயா... கொஞ்சம் படத்துக்கு வெளியிலை."

ஐயா என்றது இவரை. இவரும் எழும்பிப் போய் வாழையடியில் நின்றார். நல்ல மனிசன்.

ஜூன் 25, புதன்

மகள் ஆரணி போனில் விளம்பரத்தைக் காட்டினாள். "உரும்பிராயின் இதயத்தில், நான்கு பரப்புக் காணியில், நான்கு படுக்கையறை கொண்ட அமைதியான இல்லம்."

நாலாவது எது என்று எண்ணிப் பார்த்தேன். சாமியறை! பிள்ளையார் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார் என்று எமில்ராஜிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "தற்போது குடியிருப்போர் வெளியேறச் சம்மதம்."

ஆர் சம்மதிச்சது? எப்ப சம்மதிச்சது?

ஜூன் 28, சனி

பார்க்க வந்தவை மூன்று பகுதி. எல்லாருக்கும் தேத்தண்ணி. லண்டன்காரி ஒருத்தி சுவர் சுவராகத் தட்டிப் பார்த்துவிட்டு, "அன்ரி இஞ்சை வேலைக்கு நிக்கிறனீங்களோ?" என்றாள்.

"ஓம் பிள்ளை. பத்தொன்பது வருசமா. சம்பளம்தான் இன்னும் வரேல்லை."

ஆரணி குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பதிந்துவிட்டோம். அடையாள அட்டை, வைப்புப் பணம் ஐந்து லட்சம். பதினொரு பக்க நிபந்தனையை அகராதியும் கையுமாக இரண்டு நாள் இருந்து வாசித்தேன். எமில்ராஜ் வாசித்திருக்கமாட்டான். கேட்பவரின் பெயரை ஒருவருக்கும் காட்டமாட்டார்களாம், எண் மட்டும்தான். நான் எண் 6.

வலிவடக்கில் இருந்த என் சீதனக் காணி இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தபோது அத்திவாரம்தான் மிச்சம். போன தையில் அதை விற்றோம். அந்தக் காசு, நகை, ஆரணியின் வங்கிக் கடன் எல்லாம் சேர்த்தால் நூற்று நாற்பது லட்சம். அதற்கு மேல் போனால் ஐம்பத்தைந்து வயதில் வாடகை வீடு தேட வேண்டும்.

பின்னேரம் கலா கதைத்தாள். இப்படி அன்பாக அவள் கதைத்து எத்தனை காலம்.

"எவ்வளவு மட்டும் போவியள் மச்சாள்?"

"நூற்றி நாப்பது மட்டும் ஏலும்."

"உங்கடை நம்பர் என்ன?"

"ஆறு."

"நல்லது, நல்லது. நான் முருகனைக் கும்பிடுறன்."

ஜூலை 4, வெள்ளி

காலை ஒன்பதுக்கு ஏலம் திறந்தது. பதினாறாம் திகதி புதன்கிழமை பின்னேரம் ஆறரைக்கு மூடும். ஆடி பிறக்க முதல் முடிகிறது, அந்த மட்டில் நல்லது. விளக்கேற்றி, தேவாரம் பாடி, 9.20க்கு அமத்தினேன். தொண்ணூறு லட்சம். ஒரு பொத்தானை அமத்த ஒன்பது மில்லியன் ரூபாய்! கத்தரிக்காய்க்கு இதைவிடக் கூட நேரம் பேரம் பேசுவேன்.

"இருபத்து மூன்று பேர் இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று போன் சொல்கிறது. அதில் மூன்று பேர் நாங்கள்.

பத்து நிமிடத்துக்குள் எண் 3, தொண்ணூற்றொன்று.

ஜூலை 7, திங்கள்

நூற்றுப் பத்துக்கு ஏறிவிட்டது. நான் இன்று காலை இராகுகாலத்துக்கு முதலே 7.25க்கு அமத்தினேன்; எண் 3 7.33க்கு அமத்தியிருக்கிறது. திங்கட்கிழமை 7.33! இராகுகாலம் தொடங்கிவிட்டது. வீடு வாங்க இராகுகாலத்தில் விலை சொல்கிறவர் சைவக்காரராக இருக்கமுடியாது, கிறிஸ்தவராகத்தான் இருக்கும் என்று இவரிடம் சொன்னேன்.

"வேதக்காரரும் வீட்டிலை இருக்கத்தானே வேணும்," என்றார்.

ஜூலை 9, புதன்

எண் 5 நூற்றுப் பதினெட்டு. நான் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கப் போகிறேன்.

ஜூலை 10, வியாழன்

ஒரு நாள் முழுக்க எண் 3 சத்தமில்லை. களைத்துவிட்டதாக்கும் என்று மனம் குளிர்ந்து, நூற்றுப் பத்தொன்பது போட்டேன். ஏழாவது நிமிடம் எண் 3 நூற்றிருபது.

என்ன சனியன் இது.

ஜூலை 12, சனி

எண் 5 விலகிவிட்டது. இனி நானும் எண் 3உம் மட்டும். நித்திரை இல்லை. சமையலில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

கொப்பியை விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஏலக் கேள்விக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். மரக்கறிக் கணக்கு எழுதுகிற பழக்கம்.

எண் 3 எனக்குப் பத்து நிமிடத்துக்குள் பதில் போடும். இரண்டு தரம்தான் பிந்தியிருக்கிறது. வெள்ளி இரவு 8.10க்கு நான் அமத்தினேன், பதில் 9.32க்கு. நேற்றுப் பின்னேரம் 6.40க்கு அமத்தினேன்; பதில் 8.02க்கு.

ஏன்? சாப்பாடோ? நித்திரையோ? ஆரணியிடம் கேட்டேன். "வெளிநாட்டு ஆளா இருக்கும் அம்மா, வேலைக்குப் போயிருப்பினம்," என்றாள். சனிக்கிழமையும் வேலையோ? எந்த நாடு? கனடா என்றால் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு.

கழித்துப் பார்த்தேன். வெள்ளி 8.10 அங்கே காலை பத்து நாற்பது. சனி 6.40 அங்கே காலை ஒன்பது பத்து.

குசினிக் கதவில் ஒரு ரொறன்ரோக் கோயில் கலண்டர் தொங்குகிறது, கலா வருடா வருடம் அனுப்புவது. நான் முருகன் படத்துக்காக மாட்டி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை. இரண்டு தரமும் இராகுகாலம் முடிந்து இரண்டு நிமிடத்தில் பதில்.

எண் 3 சைவக்காரர்தான். ஆனால் ரொறன்ரோச் சைவக்காரர்.

சொல்ல வாய் வரவில்லை. எழுதவும் கை வரவில்லை. முருகனைக் கும்பிடுறன் எண்டவள்.

ஜூலை 14, திங்கள்

இவரிடம் சொன்னேன். கோபித்தார். "விசர்க் கதை கதையாதை. ரொறன்ரோவிலை பஞ்சாங்கம் பாக்கிற சனம் எத்தினை ஆயிரம்!"

"சரி. அப்ப இதைப் பாருங்கோ. எண் அஞ்சு விலை ஏத்தேக்கை எண் மூண்டு ஒரு நாளும் அசையேல்லை. நான் ஏத்தினா மட்டும் அசையுது. வீடு வேணுமெண்ட ஆள் எல்லாரோடையும் மல்லுக்கட்டும். இது ஏன் என்னோடை மட்டும்? நான் ஆறு எண்டு ஆருக்குச் சொன்னனான்?"

இவர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

கலண்டரில் இன்று இராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. அது எங்களுக்குப் பின்னேரம் ஐந்து முதல் ஆறரை. இவரைக் கதிரையில் இருத்தி, 5.10க்கு அமத்தினேன். நூற்றிருபத்தேழு. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 5.20. 5.40. "பாத்தியே, வரேல்லை. அவை விட்டிட்டினம்," என்று இவர் எழும்பப் பார்த்தார். "இருங்கோ," என்றேன். ஆறு மணிக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து இருந்தேன்.

6.31. எண் 3, நூற்றிருபத்தெட்டு.

இவர் போனை மேசையில் குப்புற வைத்துவிட்டு வாழைக்குத் தண்ணி விடப் போனார். நேற்றிரவு முழுக்க மழை பெய்திருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

நிபந்தனையைத் திரும்ப வாசித்தேன். ஒன்பதாம் பிரிவு: வென்றவர் ஏழு நாளுக்குள் பத்திலொரு பங்கு கட்டாவிட்டால் வைப்புப் பணம் கந்தோருக்கு, வீடு இரண்டாவது ஆளுக்கு, அவர் கடைசியாகக் கேட்ட விலையில். விற்பவர் பின்வாங்கினால் கந்தோரின் தரகுக் காசை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும்.

எண் 3 அவளுடைய ஆளென்றால் காசு கட்டப்போவதில்லை; நான் இனி அமத்தாமல் விட்டால் போதும்.

ஆனால் நான் பிழையென்றால்? எண் 3 உண்மையான ஒரு ரொறன்ரோக்காரர், உண்மையாக வீடு வாங்க வந்தவர் என்றால்? நாளை ஆறரைக்குப் பிறகு இந்தக் குசினி எனக்கில்லை. ஆரணியின் கலியாணத்தை எந்த முற்றத்தில் வைப்பேன்? ஒரு லட்சம் போட்டால் போதும், நான் முந்திவிடுவேன். பிறகு அவள் ஒன்று போடுவாள். நூற்று நாற்பது மட்டும் என்னை நடத்திக்கொண்டு போவாள், கன்றுக்குட்டியைக் கொண்டுபோவது போல.

கோயிலுக்குப் போனேன். பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

ஐந்து மணியிலிருந்து போன் மேசையில். இவர் எதிரே. "ஒண்டு போடன்," என்றார் 6.20க்கு. 6.25க்கும் சொன்னார். என் கை என் மடியிலேயே இருந்தது, மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

6.30. "ஏலம் முடிந்தது. வென்றவர்: எண் 3." பட்டாசுப் படம் வேறு.

இவருக்கு வேர்த்துவிட்டது. தொலைஞ்சம், என்று நினைத்தேன். கலண்டரும் இராகுகாலமும் எண்டு ஒரு விசரி வீட்டைத் துலைச்சாள் எண்டு ஊர் சிரிக்கப் போகுது.

6.34க்கு கோல் வந்தது.

"மச்சாள், போன் பழுதோ?"

"இல்லை."

"கரண்ட் நிண்டிட்டுதோ?"

"இல்லையே."

"பிறகேன் நிப்பாட்டினனீங்கள்? நூற்றி நாப்பது எண்டெல்லோ சொன்னனீங்கள்!"

அப்பாடா. நான் பிழையில்லை.

"ஏலும் எண்டனான். குடுப்பன் எண்டு சொல்லேல்லை."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும். இவர் இரண்டு கோப்பை குடித்தார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமாவுக்கு விரதம். எமில்ராஜ் வந்தான், நான் பார்க்க முதலே சப்பாத்தைக் கழற்றிவிட்டான்.

"அன்ரி, எண் மூண்டு காசு கட்டேல்லை. கீர்த்திகன் எண்டு ஒரு ஆள், ஸ்காபறோ. போனும் எடுக்கிறார் இல்லை."

கீர்த்திகன் கலாவின் மூத்தவன். பத்தொன்பது வயது.

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "என்ரை மருமோன்," என்றார். எமில்ராஜுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கிய பிறகு தேத்தண்ணியை வேகமாகக் குடித்தான்.

நூற்றிருபத்தேழுக்கு வீடு எங்களுக்கு. ஆவணியில் உறுதிப் பத்திரம் எழுதலாம் என்றேன்.

பின்னேரம் கலா அழைத்தாள். பெடியன் விளையாட்டாக அமத்திப்போட்டானாம்.

"ரொறன்ரோப் பெடியள் இராகுகாலம் பாத்தே விளையாடுறவை?" என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

எண் 3 இல்லையென்றால் நூற்றுப் பத்தொன்பதோடு முடிந்திருக்கும். எட்டு லட்சம் கூட. எமில்ராஜின் கந்தோருக்கு எழுதி அதைக் குறைக்கச் சொல்லலாம் என்று இவரிடம் கேட்டேன்.

"வேண்டாம். எழுதாதை." பிறகு மெதுவாக, "அவளுக்கு அது வேணுமெண்டால் கேட்டிருக்கலாம்," என்றார்.

எழுதவில்லை. அண்ணை தங்கைக்குக் கொடுக்கிற இரண்டாவது சீதனம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நல்லூர்த் தேருக்கு வந்திருந்த கலா இன்று நொத்தாரிசு கந்தோரில் கையெழுத்து வைத்தாள். காலை ஒன்பது கழிந்த பிறகுதான் வருவேன் என்றாள். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் மூன்று பேரும் நெருங்கி இருந்தோம். படலையைத் திறந்துவிட்டு நான் முன்னால் போனேன். அவளுடைய பெட்டி ஹோலில் பாதி திறந்தபடி கிடந்தது. பத்தொன்பது வருடமாக அவள் வரும்போதெல்லாம் பெட்டியை எங்கே வைக்க நினைக்கிறாளோ அங்கே வைப்பாள். எங்கள் சாமான் ஒதுங்கும். இன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள்:

"மச்சாள்... வெள்ளிக்கிழமைதான் பிளேன். அது மட்டும் நிக்கலாமோ?"

இவரைப் பார்த்தேன். இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நில்லுங்கோ," என்றேன். "இரவைக்குப் புட்டோ இடியப்பமோ?"