அக்கா கை மட்டும் பாக்கி

என் தங்கத் தடியன் சேவியருக்கு,

நேற்று மத்தியானம் உன் கடைசி யோயோவை வீசிப் பார்த்துவிட்டேன்டா. இத்தனை மாசம் ஏன் இழுத்தடித்தாய் என்று கேட்பாய். கேட்க நீ இருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். பஜ்ஜி போடுகிற கையால் எழுதுகிறேன். உன் வீடியோவுக்குக் கீழே இதைப் போடப்போவதாக உன் சிநேகிதன் பார்த்திபன் சொல்லியிருக்கிறான். உன் யோயோ குரூப்பு ஆட்கள் பிழை பொறுப்பார்கள். உன் மூஞ்சியையே பொறுத்தவர்கள்தானே.

குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உன்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் நீ எலக்ட்ரீஷியன். ஃபேன் ஓடவில்லை என்றால் பிள்ளைகள் உன்னைத் தேடும். டூட்டி முடிந்தால் உன்னைத் தேட வேண்டியதில்லை, ஏதாவது ஒரு மரத்தடியில் யோயோவோடு நிற்பாய். போட்டிக்கென்று செய்கிற விலை ஜாஸ்தியான யோயோக்களை எங்கெங்கிருந்தோ உனக்கு அனுப்புவார்கள். நீ ஆடிப் பார்த்து, நல்லது கெட்டது வீடியோவில் சொல்வாய். தாலிக் கயிறு கட்டுடா என்றால் யோயோவுக்குக் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இந்த மாப்பிள்ளைக்கு நான் எங்கே போய்ப் பெண் கேட்பது?

எல்லாம் ஆடி முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கடலூர் வருவாய். பூசை முடிந்து மஞ்சக்குப்பம் மைதானத்தோரம் என் கடைக்கு முன்னால் நின்று, "இனி அக்கா கை" என்பாய். ஒன்றும் தெரியாத கை, எண்ணெய்க் கை, எப்போதும் கோணலாக வீசுகிற கை. அந்தக் கையிலும் சாயாமல் சுற்றினால்தான் நீ அதை நல்ல யோயோ என்று ஒத்துக்கொள்வாய்.

"போட்டிக்கு ஆடுறவன் கையில எல்லாமே நல்லாத்தான்கா சுத்தும். உன் கையில சுத்துனாத்தான் அதுக்குப் பேரு."

"அப்ப நான் இன்னா, பாரம் ஏத்திப் பாக்குற கழுதையா?"

"கழுதை ஒதைக்கும்கா. நீ பஜ்ஜி குடுக்குற."

இந்தக் கடைசி யோயோவிலும் உன் பங்கை நீ முடித்துவிட்டாய். உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது பார்த்திபன் உன் பையைக் கொடுத்தான், வீடியோவையும் காட்டினான். உன்னோடு ஆடுகிற சிநேகிதன் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. வீடியோவில் உனக்கு மட்டும் வாய் ஓயவில்லை. "உடம்பு அலுமினியம். ஓரத்துல எஃகு வளையம் வெச்சிருக்காங்க. கனம் முழுக்க வெளியே தள்ளிட்டாங்க, அதான் சுத்த ஆரம்பிச்சா நிக்க மனசே வரல. பக்கத்துல நகத்தை வெச்சுப் பாருங்க, நடுக்கமே இல்ல. வாய் அகலம், கயிறு எந்தப் பக்கம் வந்தாலும் உள்ள வாங்கிக்குது. ஒரு சந்தேகம் இருக்கு. விளிம்பு கொஞ்சம் கூரோன்னு தோணுது. என் கை காய்ச்சுப் போன கை, எனக்குத் தெரியல. அக்கா கை சொல்லும். அக்கா கை மட்டும் பாக்கி."

அக்கா கைக்கென்று நீ வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே, ஹாஸ்டலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று உன் கையைப் பிடித்து நான் இழுத்துக்கொண்டே இருந்தேன் என்று என் வீட்டுக்காரர், உன் மாமா, சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

குரூப்பில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கடைசி வீடியோ எங்கே என்று. யோயோவைச் செய்து அனுப்பிய ஆளும், அவசரமில்லை, அக்காவுக்கு எப்போது முடியுமோ அப்போது என்று சொல்லி அனுப்பினார். எனக்குத்தான் கை வரவில்லை. நான் வீசினால் வீடியோ முடிந்துவிடும். பாக்கி இருக்கிறவரைக்கும் உனக்குக் கடலூரில் ஒரு வேலை இருக்கிறது அல்லவா? பாதியில் விட்டுப் போகிற ஆளா நீ?

ஆனால் யாரும் பார்க்காதபோது அடுப்படியில் அதை எடுத்து வீசிப் பார்ப்பேன். கீழே போய் நின்று சுற்றும். பழக்கதோஷத்தில் சுண்டி இழுப்பேன். வராது. கடையில் சின்னப் பிள்ளைகளுக்கு விற்கிற பிளாஸ்டிக் யோயோ மாதிரி இல்லை இது, எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? "இழுத்தா வராதுக்கா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க, அப்பத்தான் ரொம்ப நேரம் ஆட முடியும். கடைசியில கயித்தை மடிச்சுக் குடுத்தாத்தான் வரும்." சொல்லிவிட்டு, என் வலது பக்கம் நின்று உன் விரலை விட்டுக் கயிற்றை மடித்துக் கொடுப்பாய். அது எம்பி என் உள்ளங்கைக்கு வரும். மடித்தது நீ, கைதட்டு எனக்கு. அந்த மடிப்பை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும், நீ இருக்கும்போது?

நேற்று பார்த்திபன் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தான். இந்தத் தடவை முடிக்காமல் போவதில்லை என்று சொல்லிவிட்டான். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு முதலில் கயிற்றைப் பார்த்தான்.

"கயிறு உங்களுக்கு நீளம்கா. யோயோவைத் தரையில விட்டா தொப்புள் கிட்ட வந்தாப் போதும். இது நெஞ்சு வரைக்கும் வருது. வெட்டிடலாமா?"

உன் உயரத்துக்கு நீ வெட்டிய கயிறு. முனையில் உன் விரல் போட்ட முடிச்சு.

"அவன் முடிச்சுல கத்திரி வெச்ச, உன் விரலை நறுக்கிடுவேன்."

உன் மாமா கடையிலிருந்த முக்காலியை எடுத்து வந்து எனக்கு முன்னால் போட்டார். ஏறி நின்றேன். உன் உயரத்திலிருந்து பார்த்தால் மைதானம் கொஞ்சம் வேறு மாதிரிதான் இருக்கிறது.

"இன்னாம்மா, எலெக்ஷன்ல நிக்கறியா?" என்றார் மாமா.

"ஆமா, உனக்கு எதிரா."

கையைப் புடவையில் துடைத்தேன். வீசினேன். கோணல்தான். ஆனாலும் அது சாயவில்லை. கை தன்னாலே சுண்டி இழுத்தது. தம்பி, அது வந்தது. தயங்கித் தயங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, என் உள்ளங்கையில் சுள்ளென்று அடித்து உட்கார்ந்தது.

நான் வலது பக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை. அப்படியானால் யார் மடித்தது?

பார்த்திபன் போனைக் கீழே இறக்கினான். அவன் முகம் சரியில்லை. "அக்கா, இது இழுத்தா வரக்கூடாது." யோயோவை வாங்கி இரண்டாகத் திருகிப் பிரித்து, நடுவில் இருந்த பேரிங்கை விரலில் சுற்றினான். மோந்து பார்த்தான். "எண்ணெய் போட்டிருக்கு. யாரு போட்டது?"

உன் மாமா மூட்டாத அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் மிஷின் எண்ணெய்தான்பா. நல்ல எண்ணெய்."

"எதுக்கு மாமா? போட்டி யோயோவுக்குப் பேரிங் காய்ஞ்சு இருக்கணும். எண்ணெய் போட்டா கயித்தைக் கவ்விக்கும், இழுத்தா மேல வந்துடும்."

"கவ்விக்கும்னு கேள்விப்பட்டுதான் போட்டேன். அடுப்படியில நின்னுகிட்டு இழுத்து இழுத்துப் பாக்குறா. வர மாட்டேங்குது. நான் பாக்குறேன்னு அவளுக்குத் தெரியாது. ஒரு தடவையாச்சும் வரட்டுமேன்னு..." கடைக்குள் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

வெங்காயத்தின் மேல் பழி போடுகிற வசதி எங்கள் கடையில் எப்போதும் உண்டு.

பார்த்திபன் மெல்லக் கேட்டான். "இப்படியே இருக்கட்டுமாக்கா? நீங்க வீசுன வரைக்கும் போட்டுக்கறேன். வீடியோவுல யாருக்கும் தெரியாது."

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆசையாகத்தான் இருந்தது. இழுத்தால் வருகிற ஒன்று கையில் இருந்தால் நல்லதுதானே? யாருக்கு நஷ்டம்? ஆனால் உன் வீடியோவில், உன் பேச்சுக்குப் பின்னால், எண்ணெய் போட்டு வரவைத்த யோயோவைக் காட்டி நல்லது என்று நான் சொன்னால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாய். மாசக்கணக்கில் சொல்லிக் காட்டுவாய்.

"கழுவுடா," என்றேன்.

"மாமா மனசு கஷ்டப்படுமேக்கா."

"மாமா மனசை நான் பாத்துக்கறேன். நீ பேரிங்கைக் கழுவு."

மாமா தன் வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, தானே கொண்டுவந்து கொடுத்தார். பார்த்திபன் கழுவி, ஊதி, வெயிலில் காயவைத்தான். உன் கயிற்றை முடிச்சுக் கலையாமல் திரும்ப மாட்டினான்.

மறுபடியும் முக்காலியில் ஏறினேன். வீசினேன்.

என்ன சுற்றுச் சுற்றுகிறது தெரியுமா? தெரியும், நீதான் முதலில் ஆடினாய். முன்னைவிடக் கோணலாக வீசியும் ஒரு பக்கம் சாயவில்லை. பார்த்திபன் குனிந்து பக்கத்தில் நகத்தை வைத்தான், நடுக்கமே இல்லை. சத்தம்கூட இல்லை. பஜ்ஜி ரெடியா என்று கேட்க வந்தவர் கேட்காமலே நின்றுவிட்டார். அது தன்பாட்டுக்கு நின்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"மடிச்சுக் குடுக்கட்டுமாக்கா?"

"வேணாம். விடு."

கடைசியில் வேகம் குறைந்தது. மெல்லத் தலை சாய்ந்தது. கயிற்றில் ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

நல்லாத்தான் செஞ்சிருக்காங்கடா.

முக்காலி மேலேயே நின்று, போனைப் பார்த்து என் தீர்ப்பைச் சொன்னேன். கோணல் கையை மன்னிக்கிற யோயோ. கனம் கையில் தெரியவில்லை, கீழே போனால் தெரிகிறது. எண்ணெய்க் கையிலும் வழுக்கவில்லை. விளிம்பு கூர்தான், சேவியர் சந்தேகப்பட்டது சரி. முதல் தடவை வந்து அடித்ததில் உள்ளங்கை சிவந்துவிட்டது. வடை ஓரம் மாதிரி இன்னும் கொஞ்சம் உருட்டலாம். அந்தத் தடவை வந்ததற்குக் காரணம் எண்ணெய், அதை இதன் கணக்கில் சேர்க்க வேண்டாம். போட்டது என் வீட்டுக்காரர், அவரை யாரும் திட்ட வேண்டாம். இதையெல்லாம் சொன்னேன். குரல் உடைந்த இடத்தை வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். பார்த்திபன் கேட்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

ஆக உன் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலூரில் இனி உனக்குப் பாக்கி ஒன்றும் இல்லை. வேலை இல்லாவிட்டாலும் வரக்கூடாதா?

உள்ளங்கைச் சிவப்பு காலையில் பாதி மறைந்திருந்தது. மாமா தேங்காய் எண்ணெய் தடவட்டுமா என்றார். எண்ணெய்ப் பேச்சே எடுக்காதே என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். உன் கயிற்றைக் கழற்றி, முடிச்சு அவிழாமல், மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். இன்னும் வீசினால் நைந்து அறுந்துவிடும் என்கிறான் பார்த்திபன். வருகிற ஞாயிறு புதுக் கயிறு கொண்டுவருவான். அதை என் தொப்புளுக்குச் சரியாக வெட்டிக்கொள்வேன், உன் நக்கலுக்கு இடமில்லாமல் தரையில் நின்றே வீசுவேன். அந்த மடிப்பை நானே கற்றுக்கொள்வேன். உன் குரூப்புக்கு எந்த யோயோ வந்தாலும் அக்கா கை இங்கேதான் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கோடு, கோணலாக.

முக்காலியிலிருந்து இறங்கிவிட்ட உன் அக்கா,
ஸ்டெல்லா